அந்தச் சேலத்தில் ஒரு கறுப்பு ஐஸ்கிரீம்

ஒரு கோன் ஐஸ்கிரீம் 8 டாலர். அதற்கு மேல் வரி. போதாததற்கு, பணம் கட்டும் திரையை நம் பக்கம் திருப்பி 18, 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் வேறு கேட்கிறார்கள். கரண்டியால் அள்ளி வைத்ததற்கு டிப்ஸா? பின்னால் நீண்ட வரிசை, எல்லார் கண்ணும் என் விரல் மேல். 18-ஐத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்கும் பழக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஊர் சேலம். மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே கடலோரம் இருக்கும் சேலம். 1692-இல் சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கில் போட்டதால் பெயர் பெற்றது. இப்போது அக்டோபர் முழுக்க அங்கே ஹாலோவீன் திருவிழா. போலீஸ் காரில்கூட விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரி படம்! 45 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு அந்த ஒரே மாதத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

அதனால் தயவுசெய்து காரில் போகாதீர்கள். பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்தான். ஒருவழி டிக்கெட் 8 டாலர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 10 டாலர் பாஸ் இருக்கிறது. இந்தப் பயணத்தில் மலிவாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

சரி, ஐஸ்கிரீம். ஹாலோவீனுக்கு மட்டும் போடுவது. தார் போலக் கறுப்பு, நடுவே ஆரஞ்சு நிறச் சாஸ், மேலே கேண்டி கார்ன். பார்த்ததும் மனைவி கேட்டது, "இதில் கரி இருக்கா?" நியாயமான கேள்வி. சில வருடங்களுக்கு முன் தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட கறுப்பு ஐஸ்கிரீம் நியூயார்க்கில் பெரிய மோகமாக இருந்தது. கரி மருந்தையும் உறிஞ்சிவிடும், சாப்பிட்ட மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். 2018-இல் அந்நகரச் சுகாதாரத் துறை உணவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. மனைவி தினமும் தைராய்டு மாத்திரை போடுகிறவள். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, கரி இல்லை, கறுப்புக் கோக்கோ என்றாள். காரத்தன்மை ஏற்றிப் பதப்படுத்திய கோக்கோ அது. ஓரியோ பிஸ்கட்டின் கறுப்பும் அதே வகைதான்.

சுவை? ஓரியோவைப் பாலில் ஊறவைத்த சுவை, அவ்வளவே. மோசமில்லை, ஆனால் 8 டாலருக்கு இல்லை. அந்தக் கேண்டி கார்ன் இருக்கிறதே, சர்க்கரையும் சோளப் பாகும் சேர்த்துச் செய்த மூன்று நிற மிட்டாய், அது குளிரில் கல்லாகிவிட்டது. கடித்தால் பல் போகும். துப்பிவிட்டேன். உதடும் நாக்கும் கறுத்துப்போய், எடுத்த செல்ஃபிகள் மட்டும் பிரமாதம்.

கோனோடு நடந்தபோது சார்ட்டர் தெரு இடுகாட்டை ஒட்டிய நினைவிடம் வந்தது. 1992-இல் அமைத்தது. சுவரிலிருந்து நீளும் கல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இறந்த தேதி. தூக்கிலிடப்பட்ட 19 பேரோடு, நீதிமன்ற விசாரணைக்கு உடன்பட மறுத்ததால் பாறைகளை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்ட கைல்ஸ் கோரிக்கும் ஒன்று. அதன்மேல் சூனியக்காரித் தொப்பியோடு உட்கார்ந்து பர்கர் தின்கிறார்கள்! எனக்கு எரிச்சலாக வந்தது. கோனை வெளியிலேயே முடித்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். மனைவி பிடிவாதமாக மறுபடி வரிசையில் நின்று பூசணி ஐஸ்கிரீம் வாங்கினாள். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் தூக்கலாக, நிஜமான பூசணி விழுதோடு. ஐயோ, என்ன ருசி! பத்து டிகிரிக் குளிரில் விரல் விறைத்தது, ஆனாலும் கோனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு வாய்தான் கிடைத்திருக்கும். இந்த முறை 20 சதவீதத்தைத் தொட்டது அவள், பணம் என் கார்டில்.

முடிந்தால் வாரநாளில் போங்கள். பாஸ் சலுகை கிடைக்காது, ஆனால் கழிப்பறை வரிசையாவது நகரும்.