டெஸ்ட் மெஷின் மெயிலை எங்கே தடுக்க வேண்டும்?

சென்னை தம்பு செட்டித் தெருவில், துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. துறைமுகத் தொழிலில் மெயில் என்றாலே பணம்தான். "உங்கள் கன்டெய்னருக்கு இலவச நாட்கள் முடிந்தன, நாளை முதல் வாடகை ஏறும்" என்று ஒரு வரி போனால், வாங்கியவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு துறைமுகம் இருக்கும் ராஜாஜி சாலைக்கு ஓடி வருவார். அது, புரோகிராமைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் மெஷினிலிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டெஸ்ட் மெஷினில் இருப்பது லைவ் டேட்டாவின், அதாவது நிஜ வேலை நடக்கும் டேட்டாவின் நகல். கஸ்டமர் முகவரி எல்லாம் நிஜம். "மெயிலை ஆஃப் பண்ணித்தான் வச்சிருக்கோம் அண்ணே" என்பார்கள் புரோகிராம் எழுதும் பிள்ளைகள். நம்புகிறேன். ஆனால் அடுத்த முறை லைவிலிருந்து நகல் ஏற்றும்போது அந்த செட்டிங்கும் சேர்ந்து அழிந்துபோகும். அதனால் தடுப்பு அந்த மெஷினில் இருக்கவே கூடாது. மெயில் சர்வரில்தான் இருக்க வேண்டும்.

எங்கள் மெயில் சர்வரில் ஓடும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். அதில் 2.1 பதிப்பிலிருந்தே ரீடைரக்ட் என்ற வசதி இருக்கிறது; யாருக்குப் போக வேண்டிய மெயிலையும் நாம் சொல்லும் முகவரிக்கே திருப்பிவிடும். டெஸ்ட் மெஷினின் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) ஒரு சிஐடிஆர் பட்டியலில், அதாவது ஐபிகளை எழுதும் ஃபைலில் எழுதி, எதிரே ரீடைரக்ட் என்று போட்டு, டெஸ்ட் பெட்டியின், அதாவது டெஸ்ட் மெயில்கள் வந்து சேர வேண்டிய மெயில்பாக்ஸின் முகவரியைக் கொடுக்க வேண்டும். மெயில் அனுப்ப வரும் மெஷினைப் பார்க்கும் கிளையன்ட் ஆக்சஸ் சோதனையில் அந்தப் பட்டியலைச் சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யவும். மெஷினுக்கு ஐபி மாறாமல் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே புரியும்.

வரிசைதான் முக்கியம். சோதனைகளை வரிசையாக எழுதும் அதே விதிப் பட்டியலில், உள் நெட்வொர்க்கை அனுமதிக்கும் 'பெர்மிட் மைநெட்வொர்க்ஸ்' விதி முன்னால் இருந்தால், உள் நெட்வொர்க் மெஷின் என்று அங்கேயே அனுமதி கிடைத்துவிடும். நம் சோதனை வரை வராது. நம்முடையதை அதற்கு மேலே வைக்க வேண்டும். இன்னொன்று: அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் கொடுத்து 587 போர்ட்டில் (பாஸ்வேர்டுடன் மெயில் கொடுக்கும் வழியில்) வந்தால், அந்த சேவைக்கு போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் ஃபைலில் தனி விதிகள் இருக்கலாம். அங்கேயும் இதே சோதனையைச் சேர்க்க வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, மாறுவது உறை மட்டும்தான் என்பது; உறை என்றால் யாருக்குச் சேர்க்க வேண்டும் என்று சர்வர் பார்க்கும் முகவரி. உள்ளே இருக்கும் 'டு' வரி அப்படியே இருக்கும். டெஸ்ட் பெட்டியைத் திறந்தால், இது எந்த இறக்குமதியாளருக்குப் போயிருக்கும் என்று பெயரோடு தெரியும். டெஸ்ட் செய்பவருக்கு வேண்டியதே அதுதானே! ஒரே மெயிலில் பத்துப் பேர் இருந்தாலும் பெட்டிக்கு ஒரு பிரதிதான் வரும். பிசிசியில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் பிரதி பெறும் பட்டியலில்) இருப்பவர்கள் மெயிலில் தெரியமாட்டார்கள். அவர்களை மெயில் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், நெட்வொர்க் போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வால். டெஸ்ட் மெஷின் நம் சர்வரைத் தாண்டி மெயில் அனுப்பும் 25, 465, 587 போர்ட்டுகளில் நேரடியாக வெளியே போக முடிந்தால், இத்தனையும் வீண். அதையும் அடைத்துவிடுங்கள்.

புது நகல் ஏற்றிய அன்று, ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, லாகில் ரீடைரக்ட் வரியை நான் கண்ணால் பார்த்த பிறகுதான் டெஸ்ட் ஆரம்பிக்க விடுவேன். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.