நாலரை மணிக்கு எரிகிற விளக்கு

ஆன்லைனில் சோலார் விளக்கு வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்சலைப் பிரித்த அன்றைக்கே சாயங்காலம் ஏழு மணிக்கு விமர்சனம் எழுதிவிடுகிறார்கள் போல. "சூப்பர் வெளிச்சம், பகல் மாதிரி இருக்கு", ஐந்து நட்சத்திரம். அதே ஆள் அலாரம் வைத்து விடியற்காலை நாலரைக்கு எழுந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும். பாதி நட்சத்திரம் உதிர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் விளக்கு வேண்டியதே அந்த நாலரைக்குத்தான். தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடு. கட்டுத்தரை வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தைத் தாண்டி இருக்கிறது. ஆறு மணிக்குள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் அத்தை நாலரைக்கெல்லாம் போசியை எடுத்துக்கொண்டு பால் பீச்சக் கிளம்பிவிடுவார். அந்த வழியில் கண்ணாடி விரியன் கிடந்து பார்த்திருக்கிறோம். டார்ச் கொடுத்தால், "ஒரு கையில போசி, ஒரு கையில கன்னுக்குட்டி கயிறு. டார்ச்ச வாயிலயா கவ்வறது கண்ணு?" என்பார். நியாயம்தான்.

வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு மாட்டினால் தீர்ந்தது என்றார் என் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. கட்டுத்தரை எந்நேரமும் ஈரம். கோமியம், கழுவிய தண்ணீர், அதில் நாலு காலும் ஊன்றி நிற்கிற மாடு. நமக்குச் சுருக்கென்று தெரிகிற கரண்ட்டே மாட்டைச் சாய்த்துவிடும். போதாக்குறைக்கு இது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற ஊர்; சும்மாவா இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆடியில் ஒரு தென்னமட்டை லைன்மேல் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். 3.2 வோல்ட்டில் எரிகிற விளக்குக்கு இந்த இரண்டு கவலையும் கிடையாது.

நான் டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, ஒயரை ஈயத்தால் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் பரண்மேல் ஏறிவிட்டது. அதை இறக்குவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த "300 வாட்ஸ்" சமாசாரத்தைப் பேசிவிடுவோம். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு வருகிற விளக்குப் பெட்டிகளில் 200 வாட்ஸ், 300 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மையிலேயே 300 வாட்ஸ் விளக்கு ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 3,000 வாட்-அவர், அதாவது மூன்று யூனிட் கரண்ட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, அதில் முழுசாக இருப்பதே 1,800 வாட்-அவர்தான். அந்த மாதிரி இரண்டு பேட்டரியை உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் யார் அடைத்தார்கள்? அதைத் தினமும் சார்ஜ் செய்ய நம்மூர் வெயிலில் 600 வாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். அது வாசல் கதவைவிடப் பெரியது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா வாங்கி மாட்டியிருந்த அப்படி ஒரு விளக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் படுத்துவிட்டது. தூக்கிப் போடப் போனவரிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம் பார்த்தால் நூற்றுக்கும் மேல் எல்.இ.டி. மணிகள், பார்வைக்குப் பிரமாதம். பின்னால் 18650 என்கிற உருளை லித்தியம் செல் ஒரே ஒன்று. நீலத் தாளில் 1,200 எம்.ஏ.எச்., அதாவது 1.2 ஏ.எச். என்று அச்சிட்டிருந்தது. அதை அப்படியே நம்பினாலும் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் நாலரை வாட்-அவருக்குள் வருகிறது. ஒன்றரை வாட் எடுத்தால் மூன்று மணி நேரம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்துக்குச் சோலி முடிந்தது. பேனலின் மேல் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் பூச்சுதான். வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் பூத்திருந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருந்தது, ஆனால் ஒரு மூலையில் மடங்கிக் கிடந்தது. தண்ணீர் அந்த வழியாக இறங்கி போர்டில் பச்சை பிடித்திருந்தது. பெட்டியில் என்னவோ தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி65 முத்திரைதான் இருந்தது.

அதனால் வாட்ஸ் கணக்கை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது பேட்டரியின் வாட்-அவர். வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வந்துவிடும். எத்தனை மணி நேரம் எரிய வேண்டுமோ அதால் வகுத்தால், விளக்கு எத்தனை வாட்டில் எரிய முடியும் என்பது தெரியும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) கொடுக்கும். மூன்று வாட் என்றால் 300 லூமன், பழைய நாற்பது வாட் குண்டு பல்பைவிடக் கொஞ்சம் கம்மி. மாட்டுக் கொட்டகை வாசலுக்கு அது தாராளம்.

பேனலுக்கும் ஒரு குறுக்குக் கணக்கு உண்டு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கரண்ட்டாக்கும். அப்படியானால் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இருக்கிற பேனல் தலைகீழாக நின்றாலும் இரண்டு வாட்டுக்கு மேல் தராது. கடையில் நின்றுகொண்டு கையை வைத்தே அளந்துவிடலாம்.

சரி, நான் செய்ததற்கு வருகிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல், 3.2 வோல்ட், 6 ஏ.எச்.; தடித்த உருளையாக, 32700 என்ற அளவில் வரும். ஒன்றில் 19 வாட்-அவர். இரண்டை வாங்கிப் பேரலலாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணைத்தேன். இணைப்பதற்கு முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கரண்ட் குபுகுபுவென்று பாயும். 6 வோல்ட் 6 வாட் கண்ணாடிப் பேனல் ஒன்று. தெருவிளக்குக்கென்றே விற்கிற சின்னக் கண்ட்ரோலர் போர்டு ஒன்று. சார்ஜ் செய்வது, இருட்டியதும் போடுவது, ஆள் நடமாட்டம் பார்ப்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. இருட்டைத் தெரிந்துகொள்ளத் தனி சென்சார் கிடையாது. பேனலில் வோல்ட் இறங்கினால் ராத்திரி, ஏறினால் பகல், அவ்வளவுதான். மூன்று வாட் எல்.இ.டி., அதன் முதுகில் அலுமினியத் தகடு, பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸ். பாக்ஸ் வரைக்கும் எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறு ரூபாய் வாக்கில் ஆனது. சென்னைக்காரர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடை போனால் இன்னும் குறைத்து வாங்கலாம்.

யூடியூபில் எல்லாரும் கைகாட்டுகிற டி.பி.4056 என்ற சார்ஜிங் போர்டை மட்டும் இந்தச் செல்லுக்குப் போட்டுவிடாதீர்கள். அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், 3.7 வோல்ட் செல்லுக்கானது. இரும்பு பாஸ்பேட் செல் 3.65-லேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் திணித்தால் செல் பாழாகும். அப்புறம், 18650 செல்லில் 9,900 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். அந்த அளவு செல்லில் இன்றைக்கு நல்ல கம்பெனிச் சரக்கே 3,500 பக்கம்தான். நிஜச் செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். மளிகைக் கடைத் தராசில் வைத்தால் போலியின் சாயம் வெளுத்துவிடும்.

விளக்கு மாலையில் மூன்று மணி நேரம் முழு வெளிச்சத்தில் எரியும். பிறகு அரை வாட்டுக்கு மங்கி விடியும்வரை காத்திருக்கும். ஆள் வந்தால் முழுசாகப் பளிச்சிடும். ஒரு ராத்திரிக்கு 14 வாட்-அவர் போல ஆகிறது, செல்லில் 38 இருக்கிறது. ஆகவே அடுத்த நாள் மூடாக்குப் போட்டாலும் அத்தைக்கு வெளிச்சம் உண்டு. ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சாரை வைப்பதில்தான் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது உடம்புச் சூடு நகர்வதைப் பார்ப்பது. அதற்கு மாடும் ஒன்று, மனிதரும் ஒன்று. மாட்டைப் பார்த்து வைத்தால் மாடு வாலை ஆட்டுகிற போதெல்லாம் விளக்கு எரிந்து விடிவதற்குள் பேட்டரி காலி. அதனால் மாட்டுக்கு முதுகைக் காட்டி, நடைபாதையைப் பார்த்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, நேராக அதை நோக்கி வருகிறவரைவிடக் குறுக்கே போகிறவரைத்தான் அது சட்டென்று கண்டுபிடிக்கும். பாதை குறுக்கே போகிற மாதிரி கொட்டகையின் பக்கவாட்டுத் தூணில் மாட்டியது அதற்காகத்தான்.

பேனல் விளக்கோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விளக்கு நிழலில் இருக்கலாம், பேனல் இருக்கக் கூடாது. எங்கள் பேனல் கொட்டகை ஓட்டின்மேல், வேப்பமர நிழல் எட்டாத ஓரத்தில், தெற்கே பார்த்து இரும்பு ஆங்கிளில் முறுக்கியிருக்கிறது. பேனலுக்குள் இருக்கும் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் விழுந்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு துண்டுமேல் ஒரு வேப்பிலை ஒட்டினாலும் மொத்தப் பேனலின் கரண்ட்டும் இறங்கிவிடும். காக்கை எச்சத்துக்கும் இதே கதைதான். வாரம் ஒருமுறை ஈரத்துணி கட்டிய குச்சியால் துடைக்கிறேன்.

சாய்வு எவ்வளவு? ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு என்று எல்லாரும் சொல்வார்கள். எங்களுக்கு அது பதினொரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நான் இருபத்தைந்துக்கு வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எப்படி வைத்தாலும் சார்ஜ் நிரம்பி வழியும். கஷ்டம் ஐப்பசி, கார்த்திகையில்தான். மேகமும் அப்போது, நீண்ட ராத்திரியும் அப்போது, சூரியனும் தெற்கே சாய்ந்து போகும். டிசம்பர் உச்சியில்கூட எங்கள் ஊரில் அது சுமார் 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்த மாதங்களில் கிடைக்கிற கொஞ்ச வெயிலைப் பேனல் நேராக வாங்க வேண்டும். சாய்வு கூடினால் மழைத்தண்ணீர் புழுதியையும் இழுத்துக்கொண்டு போகும்.

பாம்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் இருந்தால் பாம்பு வராது என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளையும் தேரையும் வரும், அதற்குப் பின்னால் பாம்பு வரும். மழை விட்ட ராத்திரியில் வெள்ளை விளக்கடியில் ஈசல் எப்படி மொய்க்கும் என்பது தெரிந்ததுதானே. அதனால் மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. போட்டேன்; பூச்சி குறைவாக வரும். விளக்கைக் கொட்டகை வாசலுக்கு நேர் மேலே மாட்டாமல் நாலு எட்டுத் தள்ளி, வெளிச்சம் பாதையில் விழுகிற மாதிரி வைத்தேன். ராத்திரி முழுக்க மங்கலாக இருப்பதில் இந்த லாபமும் உண்டு. விளக்கு பாம்பை விரட்டாது, கிடக்கிறதைக் காட்டும். மிதிக்காமல் நிற்க அது போதும்.

கையில் அயர்ன் பிடிக்க வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. யு.பி.எஸ்.ஸில் வருகிற 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, 12 வோல்ட் 20 வாட் பேனல், ஒரு சாதாரண சார்ஜ் கண்ட்ரோலர், 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு. எல்லாமே ஸ்க்ரூ வைத்து முடுக்குவதுதான். 84 வாட்-அவர் கணக்கு வரும், ஆனால் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அடிவரை இறக்கினால் இரண்டு வருஷம் தாண்டுவதே பாடு. ரெடிமேடாக வாங்குவதானால், பேட்டரி என்ன ரகம், எத்தனை வோல்ட், எத்தனை ஏ.எச். என்று எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். எழுதவே இல்லையென்றால் அதுவே பதில். செல்லைக் கழற்றி மாற்ற முடிகிற மாதிரி ஸ்க்ரூ இருக்க வேண்டும், பசை போட்டு ஒட்டியிருக்கக் கூடாது. பேனலும் எல்.இ.டி.யும் வருஷக்கணக்கில் வரும். முதலில் சாவது செல்தான்.

எங்கள் விளக்கைப் பார்த்துவிட்டு இப்போது மாரியம்மன் கோயில் முன்னால் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அங்கே மங்கலாக எரிந்தால் யாருக்கும் பிடிக்காது, ராத்திரி முழுக்கப் பத்து வாட் வேண்டுமாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120 வாட்-அவர். 12.8 வோல்ட் 12 ஏ.எச். இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் 40 வாட் பேனலும் என்று எழுதிக் கொடுத்தேன். பேட்டரிக்கு ஒருவர், பேனலுக்கு ஒருவர் என்று உபயதாரர்கள் உடனே கிடைத்துவிட்டார்கள். பேனல்காரர், பேர் பளிச்சென்று தெரிய கண்ணாடிமேலேயே "உபயம்" என்று பெயிண்டில் எழுதச் சொல்கிறார். பெட்டிமேல் எவ்வளவு பெரிசாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கண்ணாடியில் மட்டும் வேண்டாங்க மாமா என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.