தலைகீழாகப் பிடித்த படம்

ராக்கெட் வேலை என்றால் வீட்டில் எல்லோரும் நெருப்பையும் புகையையும்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஏழெட்டு மாதம் மல்லுக்கட்டியது பக்கவாட்டு பூஸ்டரின், அதாவது துணை ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் நோஸ் கோனோடு, அதாவது மூக்குக் கூம்போடு மட்டும். எஞ்சின் கிடையாது, எரிபொருள் கிடையாது, உள்ளே பெரும்பாலும் காலி இடம். "அப்போ நீ மூடி செய்யுறியா?" என்று அம்மா கேட்டார். ஏறக்குறைய அதேதான்.

எங்கள் நிறுவனம் சின்னது. நடுவில் ஒரு ராக்கெட், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூஸ்டர், பூஸ்டர்கள் மட்டும் திரும்பி வந்து தரையிறங்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் ஹெவி ராக்கெட் 2018 பிப்ரவரி 6-ல் செய்துகாட்டிய அதே காரியம். அன்று இரண்டு பூஸ்டர்களும் அடுத்தடுத்து வந்து நின்றதை நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன், அவற்றின் மூக்கைக் கவனிக்கத் தோன்றவில்லை.

என் கையில் வந்த வேலை, ஏறும் ராக்கெட்டைக் காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவிசையைக் குறைப்பது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது கூம்பும் உருளையும் சேரும் தோள்பட்டையில் காற்று வேகமெடுக்கும், உடனே ஓர் அதிர்ச்சி அலை, அதாவது காற்றழுத்தம் சட்டென்று ஏறும் ஓர் எல்லை, அங்கே உட்காரும், அது முன்னும் பின்னும் ஆடினால் தகடும் சேர்ந்து அதிரும். அதனால் கோணம் தெரியாத மாதிரி வழவழவென்று வளைந்து உருளையோடு கலக்கும் ஓஜைவ் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டினேன், இன்னும் நீட்டினேன், ஒவ்வொரு சிமுலேஷனிலும் இழுவிசை கொஞ்சம் இறங்கியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிவ்யூவில் எங்கள் சார் படத்தை வாங்கி, ஒன்றும் பேசாமல், தலைகீழாகத் திருப்பி மேஜையில் வைத்தார்.

"இது கீழ வரும்போது எந்தப் பக்கம்பா காத்து?"

எஞ்சின் முன்னே, மூக்கு பின்னே. போகும்போது மூக்காக இருந்தது வரும்போது வால். அந்த வாலை நான் ஒருநாள்கூடக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

பின்பக்கம் குறுகிக்கொண்டே போகும் உடம்பு காற்றில் லேசாகச் சாய்ந்தால், குறுகும் அந்த இடத்தில் விசை தலைகீழாக வரும், சாய்வை நிமிர்த்துவதற்குப் பதில் இன்னும் சாய்க்கப் பார்க்கும். நேர் உருளையாக முடிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே நிறுவனத்தின் ஒற்றை ராக்கெட்டான ஃபால்கன் 9 அப்படித்தான், மேலே திறந்த உருளையோடு இறங்கும். அதே பூஸ்டரை ஹெவிக்காக மாற்றும்போதுதான் அங்கே கூம்பு வருகிறது. கூம்புக்குச் சற்றுக் கீழே இருக்கிற கிரிட் ஃபின்கள், அதாவது இறங்கும்போது திசை திருப்பும் சல்லடை மாதிரியான துடுப்புகள், கூடுதலாக உழைக்க வேண்டும், அவையோ ஒலியின் வேகத்தை ஒட்டிக் கட்டங்களுக்குள் காற்று அடைத்துக்கொண்டு மந்தமாகிவிடும் சாதி. ஹெவியின் முதல் பயணத்தில் பக்க பூஸ்டர்களுக்கு டைட்டானியம் ஃபின், நடுவிலிருந்ததற்கு அலுமினியம் ஃபின் என்று முன்பே படித்திருந்தேன், காசு மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். நடுவில் இருந்ததற்குக் கூம்பு இல்லை என்பது அன்று மேஜையருகில் நிற்கும்போதுதான் உறைத்தது.

அப்புறம் மாடல்மேல் காற்றை வேகமாக ஓட்டிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குப் போனோம். எஃகு மாடலைத் தலைகீழாக மாட்டி, காற்று போகும் தடம் தெரிவதற்காக டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி கலந்த எண்ணெயைப் பிரஷ்ஷால் தடவி ஓட்டினோம். ஓட்டம் நின்றதும் கதவைத் திறந்து பார்த்தால், உருளையில் சீப்பால் வாரியதுபோல் வெள்ளைக் கோடுகள். கூம்பில் மட்டும் ஒரு பக்கமாக எண்ணெய் குளம் கட்டியிருந்தது. அடுத்த ஓட்டத்தில் அந்தக் குளம் இரண்டு விரல்கடை தள்ளி இருந்தது. காற்று எங்கே உடம்பை விட்டு விலகுவது என்று அதற்கே தீர்மானம் இல்லை.

விளிம்பு இல்லாத டம்ளரில் காபி ஆற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பாதி டம்ளரின் வெளிப்பக்கமாக வழிந்து கையில்தான் இறங்கும். விளிம்பு கூராக இருந்தால் அங்கேயே பிரிந்து விழும். நான் பெருமைப்பட்ட அந்த வழவழப்புதான் வரும்போது எதிரி.

இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் இருக்கும் எஸ்200 பூஸ்டர்களில் உள்ளது போன்ற சரிவான மூக்கை வைக்கலாமே என்று குழுவில் ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. 2014-ல் நடந்த சோதனைப் பயணத்துக்குப் பிறகு, 2017-க்குள் இஸ்ரோ மாற்றியவற்றில் அதுவும் ஒன்று. கூரான முனை நடு ராக்கெட்டின் பக்கம் ஒதுங்கியிருப்பதால் காற்று வெளிப்புறமாகத் தள்ளப்படும், நடுவில் இருப்பதன்மேல் மோதும் அலை பலவீனமாகும். ஆனால் எஸ்200 கடலில் விழுந்துவிடுகிறது, திரும்பி வந்து நிற்கத் தேவையில்லை. எங்களுடையது அந்தக் கோணல் மூக்கோடு தனியாக இறங்கினால் வழி நெடுக ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும், ஃபின்னின் பலத்தில் ஒரு பங்கு அதைத் தாங்குவதற்கே போய்விடும்.

கடைசியில் கூம்பைக் குட்டையாக்கி, தோள்பட்டையில் மெல்லிய வளையம் ஒன்று வைத்தோம், டம்ளர் விளிம்பு மாதிரி. ஏறும்போது இழுவிசை கூடியது. கட்டமைப்புப் பிரிவு எடைக்காகச் சண்டை பிடித்தது, நியாயமான சண்டைதான். வளையத்தின் உயரத்தை நாங்கள் பேசி முடிப்பதற்குள் பணம் இல்லையென்று திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

மாடல் இப்போது ஸ்டோர் அலமாரியில் இருக்கிறது. சரியாகத் துடைக்கவில்லை போல, கூம்பின் ஒரு பக்கத்தில் அந்த வெள்ளைக் கறை இன்னும் போகவில்லை.