குண்டூசியிலும் தரம் உண்டு

குயில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்க ஆரம்பிப்பவர்கள் துணிக்கும் நூலுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். குண்டூசி என்று வந்தால் மட்டும் ஆபீஸில் காகிதம் குத்துகிற ஊசிப் பெட்டியே போதும் என்று இருந்துவிடுவார்கள். அது தடிமன், மெல்லிய பருத்தியில் ஓட்டை தெரியும், நாள்பட்டால் துருக்கறையும் பிடிக்கும்.

துண்டுகளை இணைக்க அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள குண்டூசி வாங்குங்கள். தையலுக்கு விடுவது கால் அங்குலம்தான். மூட்டும் மூட்டும் நேருக்கு நேர் உட்கார வேண்டிய இடத்தில் தடித்த ஊசி ஏறினால் துணி மேடாகி அரை நூல் நகர்ந்துவிடும். ஒரு சதுரத்தில் தெரியாது. வரிசை முழுக்கச் சேர்த்தபின் மூலைகள் கோணிக்கொண்டு நிற்கும். மேல் துண்டின் தையல் மடிப்பை ஒரு பக்கம், கீழ்த் துண்டின் மடிப்பை மறுபக்கம் சாய்த்து, இரண்டையும் நெருக்கி, ஒட்டினாற்போல் குத்துங்கள்.

தலை? நான் கண்ணாடித் தலை கட்சி. அயர்ன் பாக்ஸ் பட்டாலும் உருகாது. பூ மாதிரித் தட்டைத் தலை ஊசியும் நல்லதுதான், மேலே ஸ்கேல் வைத்தால் ஆடாது. ஆனால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக், இஸ்திரிக்கு முன் உருவிவிட வேண்டும்.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த ஊக்குதான் சரி. உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, நடுவிலிருந்து ஓரத்துக்கு.

அப்புறம், மெஷின் ஊசி நெருங்கும்போது குண்டூசியை உருவிவிடுங்கள். மேலேயே ஓட்டலாம் என்பார்கள் சிலர். ஊசி முறிந்தால் கண் பக்கம் தெறிக்கும். எனக்கு அந்த வீரம் வேண்டாம்.