முதல் நூறு சுற்றுகளில் நிலம்: சிவிலைசேஷன் 6 புதிதாக ஆடுவோருக்கு

நகரங்களை அமைத்து ஒரு நாட்டை வளர்க்கும் சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர், தலைநகரை அமைத்த கையோடு அதை அழகுபடுத்துவதிலேயே முதல் ஐம்பது அறுபது சுற்றுகளைச் செலவிட்டுவிடுகிறார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கட்டுகிறார்கள், பிரமிடு கட்டுகிறார்கள். தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது பக்கத்து நாட்டுக்காரன் நான்கைந்து நகரங்களை அமைத்து நம் வாசல் வரை வந்து நிற்கிறான். கோடை விடுமுறைக்கு மதுரைக்கு வந்திருந்த அக்கா மகனுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தபோது அவன் கேட்ட முதல் கேள்வியும் இதைப் பற்றியதுதான்: “ஒரே ஊரைப் பெருசா வளர்த்தாப் போதாதா மாமா?” போதாது. ஏன் போதாது, எங்கே எப்படிப் பரவ வேண்டும் என்று அவனுக்குச் சொன்னவற்றையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் சேர்ந்த ஆட்டத்தை, ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானத்தில் பின்தங்கினால் பிற்பாடு எட்டிப் பிடித்துவிடலாம். பொன் குறைந்தால் வணிகத்தால் சேர்க்கலாம். படை சிறிதாக இருந்தால் காசு கொடுத்தாவது பெருக்கலாம். வரைபடத்தில் ஆளில்லாமல் கிடக்கும் நிலம் மட்டும் ஒருமுறை கைமாறிவிட்டால் போர் தொடுக்காமல் திரும்பக் கிடைப்பது அரிது. நகரங்களின் எண்ணிக்கை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு நகரத்தில் முதல் டிஸ்ட்ரிக்டை (தனிப் பணிக்கான நகரப் பகுதி) மக்கள்தொகை 1 இருக்கும்போதே கட்டலாம். அடுத்தவற்றுக்கு மக்கள்தொகை 4, 7, 10 என்று உயர வேண்டும். அறிவியல் தரும் கேம்பஸ், ஒரு நகரத்துக்கு ஒன்றுதான். ஆகவே மக்கள்தொகை 10 கொண்ட ஒரே நகரத்தில் நான்கு டிஸ்ட்ரிக்டுகள் இருக்கும், கேம்பஸ் ஒன்றுதான் இருக்கும். மக்கள்தொகை 4 கொண்ட மூன்று நகரங்களில் ஆறு டிஸ்ட்ரிக்டுகளும் மூன்று கேம்பஸ்களும் இருக்கும். ஒரு நகரத்தை 10 வரை வளர்ப்பதைவிட மூன்று நகரங்களை 4 வரை வளர்ப்பது மிக விரைவாக முடிகிற வேலை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தலைநகரைப் பொறுத்தவரை நீண்ட யோசனை வேண்டாம். முதல் சுற்றிலேயே, மிஞ்சினால் இரண்டாம் மூன்றாம் சுற்றுக்குள் அமைத்துவிட வேண்டும். அருகில் சமவெளிக் குன்று இருந்தால் அதன்மேல் அமைப்பது நல்லது. வழக்கமாக நகர மையம் 2 உணவும் 1 உற்பத்தியும் தரும் இடத்தில், அந்தக் குன்று 2 உணவும் 2 உற்பத்தியும் தரும். தொடக்கத்தில் அந்த ஓர் உற்பத்தி எவ்வளவு பெரியது என்பது வேவு பார்க்கும் முதல் ஸ்கவுட்டைக் கட்டும்போதே தெரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் புதியவர்கள் நிதானிக்க வேண்டும். ஆறு, ஏரி, பாலைச்சுனை ஆகிய நன்னீரை ஒட்டி அமைத்த நகரத்துக்குக் குடியிருப்பு இடம் 5 கிடைக்கும். கடலோரம் என்றால் 3. இரண்டும் இல்லாத வறண்ட இடம் என்றால் வெறும் 2. மக்கள்தொகைக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒன்றுதான் இடைவெளி என்ற நிலை வந்தவுடன் வளர்ச்சி பாதியாகக் குறைந்துவிடுவதால், வறண்ட இடத்து நகரம் பிறக்கும்போதே பாதி வேகத்தில்தான் வளரத் தொடங்குகிறது. மதுரையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வைகை ஓடும் வழியில் சோழவந்தானும் திருப்புவனமும் மானாமதுரையும் அமைந்திருப்பதையும், ஆற்றை விட்டு விலகிய ஊர்கள் கண்மாய்க்கரையைப் பற்றிக்கொண்டிருப்பதையும் பார்த்தேதான் நாம் வளர்ந்தோம். விளையாட்டிலும் புதிய நகரம் அமைக்கும் செட்லரைத் தேர்ந்தெடுத்தவுடன் நிலம் நிறம் மாறிக் காட்டும்: அடர்பச்சை நன்னீர், இளம்பச்சை கடலோரம், சாம்பல் வறண்ட நிலம், சிவப்பு நகரம் அமைக்க முடியாத இடம். முதல் நான்கு நகரங்களையாவது அடர்பச்சையில் அமைக்கப் பாருங்கள்.

கட்டுமான வரிசையாக நான் பரிந்துரைப்பது ஸ்கவுட், ஸ்லிங்கர், செட்லர் என்பது. ஸ்கவுட் இல்லாமல் நல்ல இடம் எங்கே இருக்கிறது, அண்டை நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பது தெரியாது. தெரியாமல் அனுப்பும் செட்லர் வீணாக அலையும். கவண் வீரனான ஸ்லிங்கரைக் கொண்டு எதிரிப் படை ஒன்றை வீழ்த்தினால் வில்வித்தைக்கான யுரேகா என்னும் ஊக்கம் கிடைத்து அந்தத் தொழில்நுட்பத்தின் செலவில் 40 சதவீதம் கழியும். அதன்பின் செட்லர். முதல் செட்லரின் விலை 80 உற்பத்தி. ஒவ்வொன்றாகக் கட்டக் கட்ட அடுத்ததன் விலை ஏறிக்கொண்டே போகும். நகரத்தில் மக்கள்தொகை 2 இருந்தால்தான் செட்லரைக் கட்ட முடியும், கட்டி முடிந்ததும் ஒருவர் குறைந்துவிடுவார். எனவே நகரம் அடுத்த மக்கள்தொகைக்கு வளரும் சுற்றும் செட்லர் முடியும் சுற்றும் ஏறத்தாழ ஒன்றாக வருமாறு, வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் மக்கள் உழைக்கிறார்கள் என்பதை உணவுக்கும் உற்பத்திக்கும் இடையே மாற்றி வைத்துக்கொண்டால் இழப்பு தெரியாது.

முதல் செட்லருக்குப் பின் நிலத்தை மேம்படுத்தும் ஒரு பில்டர் கட்டுவது நல்லது. அதன் மூன்று பயன்பாடுகளையும் மூன்று கட்டங்களை மேம்படுத்தச் செலவழித்தால், கிராஃப்ட்ஸ்மன்ஷிப் என்ற சமூகக் கலைக்கான (தொழில்நுட்பத்தைப் போலக் கற்கும் சமூக முன்னேற்றம்) ஊக்கமும் கூடவே கிடைக்கும்.

பரவுதலின் உயிர்நாடி எர்லி எம்பயர் என்ற சமூகக் கலையில் இருக்கிறது. கோட் ஆஃப் லாஸ், அடுத்து ஃபாரின் டிரேட், அதற்கடுத்து எர்லி எம்பயர் என்று நேராகப் போனால் காலனைசேஷன் என்னும் கொள்கை அட்டை கைக்கு வரும். அதைப் பொருளாதார இடத்தில் வைத்தால் செட்லர் கட்டுவதற்கான உற்பத்தி 50 சதவீதம் கூடும். அதுவரை அந்த இடத்தில் எல்லா நகரங்களுக்கும் 1 உற்பத்தி தரும் அர்பன் பிளானிங் இருக்கலாம். எர்லி எம்பயருக்கான ஊக்கம், நாட்டின் மொத்த மக்கள்தொகை 6 ஆகும்போது கிடைக்கிறது. செட்லர் கட்டும்போதெல்லாம் ஒருவர் குறைகிறார் என்பதால், இரண்டாவது செட்லருக்கும் மூன்றாவது செட்லருக்கும் நடுவே சற்று நிறுத்தி அந்த 6-ஐத் தொட்டுவிட்டு, அட்டை வந்தவுடன் எல்லா நகரங்களிலும் ஒரே நேரத்தில் செட்லர் கட்டத் தொடங்குவது என் வழக்கம். மைனிங் கற்றிருந்தால், பில்டரைக் கொண்டு காட்டை வெட்டிக் கிடைக்கும் உற்பத்தியையும் அந்தச் சமயத்தில் செட்லரிலேயே போடலாம். அட்டையின் 50 சதவீதம் அதற்கும் சேரும். காட்டை வெட்ட மனம் வராதவர்கள் உண்டு. நானும் மரங்களை விரும்புகிறவன்தான். ஆனால் இந்த விளையாட்டில் தொடக்கத்தில் வெட்டிய ஒரு காடு ஒரு நகரமாகவே மாறுகிறது.

இதே எர்லி எம்பயருக்கு இன்னொரு முகம் உண்டு. அதைக் கற்ற நாட்டின் எல்லைக்குள் மற்றவர்களின் படைகளும் செட்லர்களும் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. எங்கே முதலில் நகரம் அமைப்பது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது என்பேன்.

அக்கா மகனின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவன் தலைநகர் ஓர் ஆற்றங்கரையில் இருந்தது. கிழக்கே மீன்வளமும் நண்டும் உள்ள அமைதியான கடற்கரை. மேற்கே ஆறு கட்டங்கள் தள்ளி இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஒரு குறுகிய கணவாய், அதன் வழியே ஓர் ஆறு. கணவாய்க்கு அப்பால் கணினி ஆடும் டிராஜனின் ரோம். அக்கா மகன் செட்லரைக் கிழக்கே திருப்பினான். கடற்கரை வளமாகத் தெரிந்தது, ஆபத்தும் இல்லை. நான் தடுத்து, கணவாய்க்கு அனுப்பச் சொன்னேன். கடற்கரைக்கு வேறு யாரும் வர வழியில்லை, அது நாற்பது சுற்று கழித்தும் அங்கேயே இருக்கும். கணவாயில் நாம் அமைக்காவிட்டால் டிராஜன் அமைப்பான், பிறகு அவன் நகரம் நம் தலைநகரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கணவாயில் நகரம் எழுந்து, எர்லி எம்பயரும் வந்த பிறகு, ரோமின் செட்லர் ஒன்று வீரன் துணையோடு எல்லை வரை வந்து, அங்குமிங்கும் நகர்ந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. அந்த நகரத்தைச் சுற்றி மூன்று மலைகள் இருந்ததால், ஒவ்வொரு மலைக்கும் 1 வீதம், அங்கே கட்டிய கேம்பஸ் 3 அறிவியலைக் கூடுதலாகத் தந்தது. டிராஜனின் குணமும் நமக்கு உதவியது: குறைவான நிலம் வைத்திருப்பவர்களை அவனுக்குப் பிடிக்காது. பரவிக்கொண்டே போனதால் அவன் நட்பாகவே இருந்தான்.

எல்லையை நோக்கி முதலில், பின்பக்கம் பிறகு என்ற இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. அது விசுவாசம், அதாவது நகர மக்கள் நம் நாட்டின்மேல் வைக்கும் பற்று. ஒவ்வொரு நகரத்தின் மக்களும் ஒன்பது கட்டங்கள் வரை தம் நாட்டின் செல்வாக்கைப் பரப்புகிறார்கள், தூரம் கூடக் கூட அது குறையும். எதிரியின் தலைநகருக்கு மிக அருகே சிறு நகரத்தை நட்டால் விசுவாசம் சுற்றுக்குச் சுற்று சரிந்து, நகரம் நம் கையை விட்டுப் போய்விடும். நம் தலைநகருக்கு நெருக்கமாகவும் அவன் தலைநகருக்குச் சற்றுத் தொலைவாகவும் உள்ள இடமே முன்னணி நகரத்துக்கு ஏற்றது. ஐயம் இருந்தால் முதல் கவர்னரை அங்கே அனுப்புங்கள். அவர் சுற்றுக்கு 8 விசுவாசம் தருவார். நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. புதியவர்கள் ஏழெட்டுக் கட்டங்கள் விட்டு அமைப்பதைப் பார்க்கிறேன், அது தேவையில்லை. நெருக்கமான நகரங்கள் ஒன்றையொன்று தாங்கும்; வில்லாளி ஒருவரே இரண்டைக் காக்கலாம்.

காவலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. செட்லரைத் தனியே அனுப்பாதீர்கள். வீரனையோ ஸ்லிங்கரையோ அதனுடன் இணைத்து ஒரே கட்டத்தில் நடத்துங்கள். காட்டுமிராண்டிகள் வழியில் பிடித்தால் அத்தனை சுற்றுகளின் உழைப்பும் அவர்களுக்குப் போய்விடும். அவர்களின் ஸ்கவுட் நம் நகரத்தைக் கண்டுவிட்டால் அதன் தலைமேல் ஆச்சரியக்குறி தோன்றும்; அது முகாமுக்குத் திரும்பிச் செய்தி சேர்த்த பிறகுதான் படை கிளம்புகிறது. எனவே அந்த ஸ்கவுட்டை வழிமறித்து வீழ்த்துவது, பிறகு வரும் நான்கு குதிரைவீரர்களோடு போராடுவதைவிட எளிது. முகாம்கள் நம் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களில்தான் முளைக்கும். வேலையில்லாத வீரனைத் தலைநகருக்குள் நிறுத்தாமல், சுற்றிலும் பார்வை கிடைக்கும் குன்றின்மேல் நிறுத்தினால் அந்தப் பகுதியில் முகாமே வராது.

உற்பத்தியைத் தவிர வேறு வழிகளிலும் செட்லர் கிடைக்கும். பொன் கொடுத்து வாங்கலாம். உபரியாக உள்ள ஆடம்பரப் பொருளை அண்டை நாடுகளுக்கு விற்று அந்தப் பொன்னைச் சேர்க்கலாம். ஒரு வகை ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களின் மகிழ்ச்சிக்கு உதவும், இரண்டாம் பிரதியால் நமக்குக் கூடுதல் பயனில்லை. எனவே தயங்காமல் விற்கலாம். 25 ஃபெய்த் (சமயப் புள்ளி) சேர்ந்து பாந்தியன் என்னும் தொடக்க சமய நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது ரிலிஜியஸ் செட்டில்மென்ட்ஸ் இன்னும் மீதமிருந்தால் அது ஒரு செட்லரை இலவசமாகத் தரும். கிளாசிக்கல் காலத்தைப் பொற்காலமாகத் தொடங்க முடிந்தவர்கள் மானுமென்டாலிட்டி என்னும் பொற்காலச் சலுகையைத் தேர்ந்தால் ஃபெய்த்தைக் கொண்டே செட்லர்களை வாங்கலாம். இந்தக் கடைசி வழி சற்றுப் பழகியவர்களுக்கானது.

உலக அதிசயங்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். கேதரிங் ஸ்டார்மில் மீனாட்சி கோயிலும் ஓர் அதிசயமாக இருக்கிறது. அதைத் திரையில் முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பூரிப்பை மறைக்க மாட்டேன். அக்கா மகனும் அதைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்றான். ஆனால் அது சிவில் சர்வீஸ் கற்ற பிறகே வரும், சமயத்துக்கான ஹோலி சைட் டிஸ்ட்ரிக்டை ஒட்டித்தான் கட்ட முடியும், நாம் ஒரு மதத்தை நிறுவியிருக்கவும் வேண்டும். பரவுதல் முடிந்து, நகரங்கள் நிலைத்து, நல்ல உற்பத்தியுள்ள ஒரு நகரம் அதற்கென ஒதுக்கப்படும் காலம் வரும்போது அதை நிதானமாகக் கட்டலாம். ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற தொடக்ககால அதிசயங்களை, ஓரிரு செட்லர்களின் விலை அவற்றில் போய்விடுகிறது என்பதற்காகவே, முதல் சில ஆட்டங்களில் தொடாமல் இருங்கள்.

ஐம்பதாவது சுற்றில் மூன்று நகரங்கள், நூறாவது சுற்றில் ஏழு அல்லது எட்டு என்பது புதியவர்களுக்கு எட்டக்கூடிய இலக்கு. பழகியவர்கள் பத்தைத் தாண்டுவார்கள். நல்ல தண்ணீர் உள்ள வெற்றிடம் தீர்ந்து, செட்லரின் விலை ஒரு டிஸ்ட்ரிக்டின் விலையைத் தாண்டத் தொடங்கும்போது காலனைசேஷன் அட்டையை எடுத்துவிட்டு, புதிய நகரங்களிலிருந்து பழைய நகரங்களுக்கு உள்நாட்டு வணிகப் பாதை போடுங்கள். பாதை தொடங்கும் புதிய நகரத்துக்கு உணவும் உற்பத்தியும் கிடைப்பதோடு வணிகர் நடக்கும் வழியெல்லாம் சாலையும் தானாக அமையும். பயிற்சிக்கு பிரின்ஸ் என்ற கடினத்தன்மை நிலையைத் தேர்ந்தெடுங்கள், அங்கே கணினி எதிராளிக்குச் சலுகை எதுவும் இல்லை. உச்ச நிலையான டெய்ட்டியில் ஒவ்வொரு எதிராளியும் மூன்று செட்லர்களோடு ஆட்டத்தைத் தொடங்குவதால், அங்கே கணவாய்க்குப் போக வேண்டிய செட்லரை ஸ்கவுட்டுக்கு அடுத்தபடியாகவே கட்டத் தொடங்க வேண்டியிருக்கும்.