பம்பை மாற்றியும் குறையாத சூடு

பழைய ஆட்டோ ஒன்றை மின்வண்டியாக மாற்றும் வேலையில், பேட்டரிப் பெட்டியைத் திரவத்தால் குளிர்விக்கும் பகுதி மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிக நாள்களை எடுத்துக்கொண்டது. 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட பட்டை வடிவ எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 16, இரு வரிசைகளாக ஓர் அலுமினியத் தகட்டின்மீது நிற்கின்றன. பட்டறையில் மில்லிங் செய்து தகட்டினுள் நான்கு இணையான வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. ஒவ்வொன்றும் நான்கு செல்களுக்கு அடியில் செல்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துகிறேன். நம் ஊரில் நீர் உறையப்போவதில்லை என்பதால் உறையாமல் காக்கும் கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலப்பது வெப்பம் சுமக்கும் திறனை வீணாகக் குறைக்கும். ஆயினும் அலுமினியம் அரிக்காமல் இருக்க அதிலுள்ள அரிப்புத் தடுப்பான் வேண்டும்.

முதல் சோதனையில் 32 டிகிரி அறையில் 100 ஆம்பியரை 40 நிமிடம் தொடர்ந்து எடுத்தபோது, ஒரு செல் 44 டிகிரியையும் இன்னொன்று 38 டிகிரியையும் காட்டின. 44 டிகிரி ஆபத்தான அளவன்று. ஆனால் ஒரே பேட்டரிக்குள் 6 டிகிரி வேறுபாடு இருந்தால் சூடான செல்கள் மற்றவற்றைவிட விரைவில் மூப்படையும். தொடராக இணைத்த தொகுப்பில் மிகவும் நலிந்த செல்தான் மொத்தக் கொள்ளளவையும் தீர்மானிக்கும்.

ஓட்டம் போதவில்லை என்று எண்ணி, நிமிடத்திற்கு 1 லிட்டர் தள்ளிய பம்பை எடுத்துவிட்டு 2 லிட்டர் தள்ளும் பம்பை வாங்கிப் பொருத்தினேன். மிகச் சூடான செல்லில் அரை டிகிரிகூடக் குறையவில்லை. பிறகுதான் கணக்குப் போட்டேன் (முன்பே போட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்). நிமிடத்திற்கு 1 லிட்டர் ஓடும் நீர் 1 டிகிரி சூடேறினால், ஏறத்தாழ 70 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்று பொருள். பழைய பம்பிலேயே தகட்டுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் 2 டிகிரிக்குக் குறைவான வேறுபாடுதான் இருந்தது. ஓட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த 2 டிகிரிக்குள்தான் ஆதாயம் கிடைக்கும். செல்லுக்கும் நீருக்கும் இடையிலோ 10 டிகிரிக்கு மேல் இருந்தது. ஆகவே தடை நீரில் இல்லை, நீருக்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்கத் தகட்டின்மேல் வெப்பப் பசையை மெல்லியதாகத் தடவி, செல்களை வைத்து அழுத்தி மீண்டும் தூக்கிப் பார்த்தேன். சில செல்களின் அடிப்பாகத்தில் மூன்று திட்டுகளில் மட்டுமே பசை ஒட்டியிருந்தது. எஞ்சிய இடமெல்லாம் காற்று. அரை மில்லிமீட்டர் காற்று இடைவெளியே ஒரு போர்வை போலத்தான். டெஸ்லா மாடல் எஸ் வண்டியில் தட்டைக் குழாயை உருளை செல்களின் பக்கவாட்டை ஒட்டி வளைத்துக் கொண்டுசென்றதும், செவ்ரோலெ வோல்ட்டில் செல்களுக்கிடையே மெல்லிய குளிர்தகடுகளைச் செருகியதும் எதற்காக என்பது அப்போதுதான் உறைத்தது.

2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான, வெப்பம் கடத்தும் சிலிக்கோன் பேடை விரித்து, மேலே குறுக்குச் சட்டம் பூட்டிச் செல்களைச் சீராக அழுத்தினேன். பட்டை வடிவ செல்லின் அலுமினிய உறையிலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும். எனவே செல்லைச் சுற்றியுள்ள நீலப் படலம் எங்கும் கிழியாமலிருக்கிறதா என்று பார்ப்பதும், பேட் மின்கடத்தாததாக இருப்பதும் மிக அவசியம்.

அடுத்த சோதனையில் 12 செல்கள் 38-லிருந்து 39.5 டிகிரிக்குள் அடங்கின. மீதி நான்கு மட்டும் 3 டிகிரி கூடுதலாகக் காட்டின. இம்முறை அவை அங்குமிங்குமாக இல்லாமல் ஒரே வாய்க்காலின் மேல் வரிசையாக இருந்தன. சிதறிய சூடு தொடுகைக் குறை என்றால், வரிசையான சூடு ஓட்டக் குறை. தகட்டை ஒரு பக்கம் சாய்த்துப் பம்பை ஓட்டியதும், அந்த வாய்க்காலில் சிக்கியிருந்த காற்றுக்குமிழி கடகடவென்று வெளியேறியது, நான்கும் இறங்கிவந்தன. வெளியேறும் நீர் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாகியிருந்தது கண்டு மகிழ்ச்சியே அடைந்தேன், ஏனெனில் செல்லிலிருந்து வெப்பம் இப்போதுதான் நீருக்கு வந்து சேர்கிறது.

கோடைதான் எஞ்சிய சிக்கல். ரேடியேட்டரால் நீரைச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்விக்க முடியாது. அறை 38 டிகிரியைத் தொட்ட நாளில் செல்கள் 45-ஐ எட்டின. ஒரு நாள் பனிக்கட்டி வாளியில் குழாயைச் சுற்றி 18 டிகிரி நீரை அனுப்பியபோது, சென்னைக் காற்றின் ஈரம் தகட்டில் முத்து முத்தாக வியர்த்து, செல்களின் அடிவிளிம்பு வரை வந்துவிட்டது. உடனே இணைப்பைத் துண்டித்து, பெட்டி முழுவதையும் உலர்த்தினேன். கார்களில் நீரைச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்விக்கும் வேலையை ஏசியின் குளிரூட்டியோடு இணைத்த சில்லர் என்ற கருவி செய்கிறது. நானும் ஒரு சிறிய சில்லரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்போது நீர் 28 டிகிரிக்குக் கீழே இறங்காதபடி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மட்டும் இப்போதே பொருத்தி வைத்துவிட்டேன்.