650 டொலர் கார்டும் கல்லடி நண்டுக் குழம்பும்

வருடத்துக்கு 650 டொலர் கட்டும் கிரெடிட் கார்டை வைத்துக்கொண்டு மட்டக்களப்பில் ஒரு பிளேன்டீ குடிக்க முடியாது. அமெரிக்காவில் இருந்து கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றுதான் பெட்டியைக்கூட அவிழ்க்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எந்தக் கார்டு நல்லது என்பது எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பழைய சண்டை. மாமியின் மகன், எனக்கு மச்சான், நியூ ஜேர்சியில் இருக்கிறான். அவனிடம் இருப்பது மேரியட் ஹோட்டல் குழுமத்தின் கார்டான பொன்வோய் பிரில்லியன்ட். என்னிடம் இருப்பது அதே மேரியட்டின் பவுண்ட்லெஸ், வருடத்துக்கு 95 டொலர். இந்த முறை இரண்டு குடும்பமும் ஒன்றாகப் போனதால் இரண்டு கார்டையும் ஒரே பாதையில் வைத்துப் பார்க்க வசதியாகிவிட்டது. முதலில் கட்டணம், பிறகு இலவச இரவு, அதற்குப் பிறகு அந்தஸ்து என்று ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கட்டணத்தில் வித்தியாசம் 555 டொலர். டொலருக்கு 300 ரூபாய் வைத்தால் ஒரு லட்சத்து 66 ஆயிரத்து 500 ரூபாய். கல்லடியில் வாவிக்குக் கிட்ட நாங்கள் எடுத்த ஏசி அறை ஓர் இரவுக்கு 9,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், பதினெட்டு இரவுக்குக் காணும். இரண்டரை வாரம் ஊரில் நிற்கலாம்.

"மாசம் 25 டொலர் சாப்பாட்டுக்குத் திருப்பித் தாறான் மச்சான், வருஷத்துக்கு 300. அதைக் கழிச்சா 350தான்" என்பது அவன் வாதம். கணக்கு சரிதான். ஆனால் அந்த மாதத்து 25 அந்த மாதத்தோடு சரி, செலவழிக்காவிட்டால் அடுத்த மாதத்துக்கு வராது. எந்த நாட்டு ரெஸ்டூரன்ட் என்றாலும் செல்லும் என்று விதியில் இருக்கிறது. அதனால் ஓகஸ்ட் மாதத்து 25ஐ ஊரிலேயே சாப்பிட்டுத் தீர்ப்பது என்று மச்சான் புறப்பட்டான். டவுனுக்குள் ஏசி போட்ட ஒரு நல்ல இடமாகப் பார்த்துப் போனோம். கல்லாவில் இருந்த பொடியன் கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தான். மெஷினில் ஒட்டியிருந்தது விசா, மாஸ்டர்கார்ட் ஸ்டிக்கர் மட்டும். "இது எடுக்காது அண்ணே, வேற இருக்கா?" வேறு இருந்தது, என்னுடைய 95 டொலர் விசா. பெரிய விடுதிகளைத் தாண்டினால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் எடுக்காத கடைகள் இந்தப் பக்கம் நிறைய. பிரில்லியன்ட் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், பவுண்ட்லெஸ் விசா. ஊருக்குப் போகிறவன் கார்டு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உண்மையில் நல்ல சாப்பாடு இருக்கும் இடத்தில் எந்தக் கார்டும் செல்லாது. கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் ஓர் அக்கா வீட்டு முன் விறாந்தையில் மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கிறா. காலையிலேயே போனில் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் வாவி நண்டு வாங்க ஆள் போகும். நண்டின் காலை அம்மிக் குழவியால் ஒரே தட்டுத் தட்டி, ஓடு வெடிக்கும் அளவுக்கு மட்டும் உடைத்துக் குழம்பில் போடுகிறா. நசுங்கினால் சதையெல்லாம் குழம்போடு போய்விடுமாம். இறக்குகிற நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலை. வறுத்த தூளின் காரம் முதலில் நாக்கில் ஏறும், மறுகா தேங்காய்ப்பால் வந்து அதை அடக்கும். இறால் பொரியல், பருப்பு, சிவப்பரிசிச் சோறு, கடைசியில் சட்டித் தயிரும் பாணியும். எருமைத் தயிர், கரண்டி போட்டால் கட்டியாக வெட்டுப்பட்டு வரும். எட்டுப் பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம், 14,000 ரூபாய். காசைக் கையில் கொடுத்தோம். நியூ ஜேர்சியில் இதே காசுக்கு இரண்டு பேர் சாப்பிட்டு எழும்புவதே கஷ்டம். என் மகள் நண்டு ஓட்டை விடவே இல்லை, கை கழுவிய பிறகும் விரலை மணந்துகொண்டிருந்தாள். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதில் இதற்குக் கிட்ட வேறொன்றும் வரவில்லை.

சரி, இலவச இரவு. பவுண்ட்லெஸ்ஸுக்கு வருடா வருடம் கார்டு புதுப்பிக்கும்போது, 35,000 பாயிண்ட்ஸ் (காசுக்குப் பதிலாக அறைக்குக் கொடுக்கும் மேரியட் புள்ளிகள்) வரை விலையுள்ள அறையில் ஓர் இரவு. பிரில்லியன்டுக்கு 85,000 வரை. கேட்க இரண்டரை மடங்கு போல இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் மேரியட் இல்லை, ஹில்டனும் இல்லை. பாசிக்குடாவில் வரிசையாக நிற்கும் பெரிய விடுதிகள் உகா பே, மாலு மாலு, அமாயா பீச், சன் சியாம். அவற்றில் மேரியட் பாயிண்ட்ஸுக்கு வேலை இல்லை. மேரியட்டுக்குப் போக வேண்டுமென்றால் வெலிகம, மேரியட்டின் ஷெரட்டன் இருக்கும் கொஸ்கொட போன்ற இடங்களுக்குப் போக வேண்டும், எல்லாம் தீவின் மற்றப் பக்கம். அம்மாவைப் பார்க்க வந்தவன் ஒரு பகல் முழுக்க வான் வண்டியில் இருந்து அங்கே போய்த் தூங்குவதா?

நான் என் இரவைத் தோஹாவில் எடுத்தேன். விமானம் மாறும் இடம், பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கட்டில், சூடான தண்ணீர். பார்த்த தேதியில் 35,000க்குள் அறை கிடைத்தது. மச்சானும் தன் 85,000 இரவை அதே ஹோட்டலில் அதே மாதிரி அறைக்குத்தான் கொடுத்தான். அறையின் விலை குறைவாக இருந்தால் மிச்சப் பாயிண்ட்ஸ் திரும்பி வராது, அந்த இலவச இரவையும் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். இதைத்தான் நான் அடித்துச் சொல்கிறேன்: 85,000 இரவு நியூயோர்க்கிலோ மாலைதீவிலோ பெறுமதி, எங்கள் பாதையில் இல்லை. விமான நிலைய லவுஞ்ச் மட்டும் மச்சான் கார்டின் உண்மையான சுகம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அருகம்பே வான் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஓகஸ்ட் அங்கே அலைச்சறுக்குச் சீசன், எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரர் விலை. கல்லடிக்குத் திரும்ப 105 கிலோமீற்றர் சொச்சம். ஒரு வான்காரர் 28,000 என்றார், பேசி 24,000க்குச் சம்மதித்தார். திருக்கோவில் தாண்டியதும் ஏசியை நிற்பாட்டிவிட்டு, ஏசி என்றால் இன்னும் 4,000 என்கிறார்! பின்சீட்டில் பிள்ளைகள் வேர்த்து வடிகிறார்கள். அக்கரைப்பற்றில் நிறுத்தச் சொல்லி, வந்த தூரத்துக்குப் பேசித் தீர்த்து இறங்கிவிட்டோம். அங்கிருந்து மட்டக்களப்பு பஸ். நிந்தவூர், காரைதீவு, கல்முனை என்று கடற்கரையோடு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தோம், ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான். தமிழில் பேசுகிற ஆளையே இப்படி வாரினால், பாஷை தெரியாதவர்களை என்ன செய்வார்கள் என்று நினைக்கவே கோபம் வருகிறது. அருகம்பேக்குப் பக்கத்துப் பொத்துவிலில் இருந்து பஸ் இருக்கிறது, பயப்படாமல் ஏறுங்கள்.

அந்தஸ்து விஷயம், அதாவது மேரியட் தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தரம். பிரில்லியன்ட் வைத்திருந்தாலே பிளாட்டினம், பவுண்ட்லெஸ்ஸுக்குச் சில்வர். பிளாட்டினத்தின் பெரிய கவர்ச்சி இலவசக் காலைச் சாப்பாடு. ஆனால் அது கார்டுக்காரருக்கும் கூட ஒருவருக்கும்தான். மச்சானுக்கு மூன்று பிள்ளைகள். தென்கரை மேரியட்டில் அவர்கள் தனியாகத் தங்கியபோது பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கட்டிய பில்லைப் பார்த்துவிட்டு அவனே போன் எடுத்துக் கத்தினான். கல்லடி வீட்டில் காலையில் இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பலும் எல்லோருக்கும் வந்தது, யாரும் தலை எண்ணவில்லை. இரவு ரெயில் விடியற்காலையில் இறக்கிவிட்டபோது அறை தயாராக இருந்தது. நான் செய்தது முதல் நாள் ஒரு போன் கோல்.

இன்னொரு இடத்தில் கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூட என்றார்கள். இப்படிக் கூட்டி வாங்கக் கூடாது என்று மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது. நான் அதைச் சொன்னதும் முதலாளி முணுமுணுத்துக்கொண்டு கழித்துவிட்டார். மெஷின் டொலரா ரூபாயா என்று கேட்டால் ரூபாயை அமத்துங்கள். இரண்டு கார்டுக்குமே வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் கிடையாது, டொலரை அமத்தினால் அந்த நன்மை மெஷின்காரனின் மாற்று விலையில் போய்விடும்.

வேலைக்காக மாதம் முழுக்க மேரியட்டில் தங்குகிறவர், சாப்பாட்டு 25ஐ ஒரு மாதம் விடாமல் எடுக்கிறவர், 85,000 இரவை விலையுயர்ந்த இடத்துக்கென்றே ஒதுக்கி வைப்பவர், இவர்களுக்குப் பிரில்லியன்ட் பொருந்தும். வருடத்தில் ஒரு தடவை ஊருக்குப் போய் வருகிற குடும்பத்துக்கு 95 டொலர் போதும். மேரியட்டிலேயே வருடக் கட்டணம் இல்லாத போல்ட் என்ற கார்டும் இருக்கிறது, ஆனால் அதில் வருடாந்த இலவச இரவு இல்லை. 95 கட்டி ஓர் இரவை எடுப்பது அதைவிட லாபம்.

மச்சானின் கட்டணம் ஒக்டோபரில் விழும். தொடர்வதா விடுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. நான் அடுத்த ஆடி அமாவாசைக்கு, மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஆட்கள் குவிய முதலே, கல்லடி அறையைச் சொல்லி வைத்துவிட்டேன். முன்பணம் 5,000 ரூபாய், நேரே வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு.